தளத்தின் சாய்வும் மீக்கடத்துதிறனும்

1986இல் சூரிக் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸும் முல்லரும் கண்ட லாந்தனம்–பேரியம்–தாமிர ஆக்சைடு, 30 கெல்வினை ஒட்டிய வெப்பநிலையிலேயே மின்தடையை இழக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இட்ரியம் சேர்ந்த உறவுப் பொருள் 93 கெல்வினை எட்டியது. இரண்டிலும் உயிர்நாடி ஒன்றே: தாமிரமும் ஆக்சிஜனும் கட்டங்கட்டமாகப் பின்னிய தளம். அந்தத் தளத்தைப் படிக்கும் விதத்தில்தான் பள்ளிகள் பிரிந்தன.

மூத்த பள்ளி பிராக் வழி வந்தது. எக்ஸ் கதிரையோ நியூட்ரானையோ படிகத்தில் பாய்ச்சி, எழும் கூர்முகடுகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும். கிடைப்பது சராசரி. கோபுரத்தின் மேலிருந்து தேர்க்கூட்டத்தைப் பார்ப்பவருக்குத் தேர் போகும் திசை தெரியும். வடம் பிடித்தவர் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பது தெரியாது.

இளைய பள்ளி, முகடுகளுக்கு அடியில் பரவிக் கிடக்கும் மங்கலான சிதறலையும் விடாமல் சேர்த்து, ஓர் அணுவின் அக்கம்பக்கத்தை விசாரிக்கிறது. எகாமியும் பில்லிங்கும் இதை வளர்த்தவர்கள். ரோமில் பியான்கோனி குழு எக்ஸ் கதிர் உட்கவர்தல் வழியே அதே விசாரணையை நடத்தியது.

இரு பள்ளிகளும் உரசிக்கொள்ளும் இடம் அந்த முதற்பொருளேதான். எட்டுத் தாமிர அணுவுக்கு ஒரு பேரியம் என்ற அளவில், அதில் மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலை ஏறக்குறைய 4 கெல்வினுக்குச் சரிகிறது. அந்த அளவுக்குச் சற்று முன்னும் பின்னும் 30 கெல்வினை ஒட்டி நிற்கிறது. தாமிரத்தைச் சூழ்ந்த ஆக்சிஜன் எண்முகிகள் சில டிகிரி சாய்ந்தவை. இந்த அளவில், குளிர்விக்கும்போது அவை சாயும் திசை மாறுகிறது. 1995இல் ப்ரூக்ஹேவனின் ட்ரான்க்வாடா குழு, நியோடிமியம் சேர்ந்த உறவுப் பொருளில் மின்னூட்டமும் காந்தச் சுழற்சியும் பட்டைபட்டையாக அணிவகுத்து நிற்பதைக் காட்டியது. சாய்வு அவற்றைக் கட்டிப்போடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பில்லிங்கும் உடனாய்வாளர்களும் அதற்கு ஓராண்டு முன்பே சொன்னது இன்னும் நுட்பமானது: சராசரிப் படம் பழைய சாய்வையே காட்டும் வெப்பநிலையிலும், அக்கம்பக்க அளவில் புதிய சாய்வு ஏற்கெனவே இருக்கிறது. 2007இல் வந்த அளவீடுகளோ, தளங்களுக்குள் மட்டும் 40 கெல்வின் அருகிலேயே மீக்கடத்தல் தலைகாட்டுவதைக் கண்டன. அழிந்துவிட்டதாக நினைத்தது தளங்களுக்கிடையே தொடர்பறுந்து கிடந்தது. இந்த ஒரு பொருளுக்காகவே அக்கம்பக்கப் பள்ளியைப் போற்றுவேன்.

மின்னன்களே மூலம் என்போர் பள்ளியும் உண்டு. அந்த வழியில் 1987இல் ஆண்டர்சன் முன்வைத்த கருத்துக்குக் கணித உருவம் தந்தவர்களில் ஒருவர், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தோடு நெடுங்காலம் இணைந்த ஜி. பாஸ்கரன். இங்கே அணுச்சாய்வு துணைப்பாத்திரம்தான்.

மீக்கடத்தி என்று அறிவிக்கச் சுழிய மின்தடையும் காந்தப்புலத்தை வெளித்தள்ளும் மெய்ஸ்னர் விளைவும் வேண்டும். காரணத்தை அறிவிக்க இன்னும் கடுமையான உரைகல் தேவை. இரும்பு–ஆர்சனிக் சேர்மங்களில் பிணைப்புக் கோணம் 109.47 டிகிரியை நெருங்க நெருங்க மாறுநிலை வெப்பநிலை உயர்வதை 2008இல் கண்டார்கள். அழகான ஒத்திசைவு, ஆனால் காரணம் ஆகாது. ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கி அணுவுக்கு அணு காட்டினாலும், அது பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. ஒரே மாதிரியை இரு கருவிகளில் வைத்துப் பார்க்காத எந்த உரிமைகோரலையும் நான் பாதி என்றே கொள்வேன்.

2023இல் லாந்தனம்–நிக்கல் ஆக்சைடு ஒன்று, கடும் அழுத்தத்தில் அடுக்குகளிடைப் பிணைப்புக் கோணம் 180 டிகிரிக்கு நிமிர்ந்த நிலையில், 80 கெல்வின் அருகே மீக்கடத்தியானது. நிமிர்ந்த கோணம்தான் காரணமா, அழுத்தம் மின்னன்களை வேறு விதமாக நெருக்கியதா என்று எல்லாப் பள்ளியினரும் இப்போது அதே படிகத்தின் முன் நிற்கிறார்கள்.