உறுமி மேளமும் ஒரு ஜாஸ் மேதையின் குறிப்பும்

ஜாஸ் இசையைப் பயில விரும்புவோர்க்கென மேலைநாட்டார் எழுதிய நூல்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை விரலுக்குச் சொல்லும் பாடங்கள். செவிக்குச் சொல்வன சிலவே. அச்சிலவற்றுள் தலையாயது ஒரு நூலே அன்று. பியானோ மேதை தெலோனியஸ் மங்க் (1917–1982) தம் குழுவினர்க்கு அவ்வப்போது கூறியவற்றை, 1960இல் அவருடன் வாசித்த சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் லேசி கைப்பட எழுதி வைத்த சிறு குறிப்பு அது.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் இக்குறிப்புக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் இருக்கலாம். கோயில் வாசலில் முழங்கும் உறுமி மேளத்தை இசை அரங்கோடு ஒப்பிடுவதா என்பது அவர்தம் எண்ணம். டேவ் புரூபெக் என்ற ஜாஸ் கலைஞர் அவ்வாறு எண்ணினாரல்லர். 1958இல் இஸ்தான்புல் தெருவில் வாசித்தவர்களிடம் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளமே, மறு ஆண்டு வெளிவந்த அவரது புகழ்பெற்ற இசைத்தட்டின் முதல் உருப்படிக்கு வித்தாயிற்று. அதே பயணத்தில் அவர் குழு சென்னைக்கும் வந்து, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டுச் சென்றது.

மேலும், ஜாஸும் மலேசிய உறுமியும் ஒருவகையில் ஒரே விதி உடையவை. அடிமைகளாய்க் கடல் கடத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோர் கண்டது ஜாஸ். கங்காணியின் பின்னே கப்பலேறியோரின் வழிவந்தோர் பேணியது உறுமி மேளம். அடிமை முறையும் கங்காணி முறையும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் இரண்டு கலையிலும் பாட்டு நிலையாக நிற்க, அதன்மேல் கற்பனை அந்தந்தக் கணத்தில் பிறக்கிறது. அதுவும் தனித்தன்று, கூட்டாகப் பிறக்கிறது.

மங்க் முதலிற் சொல்வது காலத்தைப் பற்றி. கொட்டுக் கலைஞன் அல்லாதவனும் காலத்தைத் தானே சுமக்க வேண்டும். காலால் தட்டிக்கொண்டு, பாட்டை மனத்துள் பாடியவாறே வாசிக்க வேண்டும் என்கிறார். தோட்டத்தில் வீட்டு வரிசைக்கும் லயம் என்று பெயர், இசையில் காலத்துக்கும் லயம் என்று பெயர். வீட்டு லயத்திற் பிறந்த பிள்ளைக்கு இசை லயம் தானே வந்துவிடும் என்று நம்பி, பழகாத சிறுவன் கையில் ஜால்ராவைக் கொடுப்பது குழுக்களின் வழக்கம். இது பெரும் பிழை. மேளம் நான்கு கூடி முழங்கும்போது எல்லாரும் பற்றி நிற்பது அந்தச் சிறு வெண்கல ஒலியைத்தான். உறுமி கற்பவன் முதலில் ஆறு மாதம் ஜால்ரா பிடித்துப் பாடிப் பழகுவானாயின் பிற்பாடு அவன் கை தடுமாறாது. சொல் தெரியாத பாட்டை வாசிக்கலாகாது என்பது சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்கின் கொள்கையாகவும் இருந்தது. வேலன் பாட்டின் அடி எங்கே முடிகிறது என்றறியாதவன், பாடுவோர் மூச்செடுக்கும் இடத்தில் முழக்காமல் சொல்லின் நடுவிலே முழக்குகிறான், பாட்டு செத்துப்போகிறது.

எல்லாவற்றையும் வாசித்துவிடாதே, சிலவற்றை விட்டுவிடு என்பது மற்றோர் அறிவுரை. உறுமிக்கென்றே சொன்னது போன்ற சொல் இது. ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல், முன்னே சிறிது அமைதி இருந்தால்தான் நெஞ்சை உலுக்கும். இடைவிடாது தேய்ப்பவனிடம் அது வெறும் இரைச்சல். இக்காலக் குழுக்களிற் சில விரைவையே திறமை என்று கொண்டு ஒன்றையொன்று முந்த முயல்கின்றன. தைப்பூசத்தில் உறுமிக் குழுக்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சு மலேசியாவில் அடிக்கடி எழுவதற்கு இவ்விரைவும் ஒரு காரணம். தடை கேட்போர் கலையை அறியாதவர் என்று கடிந்துகொள்வது எளிது. அவர்கள் காதில் விழுவது எது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மங்கின் குறிப்பு பொருந்தாத இடமும் உண்டு. கேட்போர் இன்னும் வேண்டும் என்று ஏங்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்கிறார் அவர். அது நாற்காலியில் அமர்ந்து கேட்போர் உள்ள இடத்துக்குச் சரி. காவடி சந்நிதியை அடையுமுன் உறுமி நிற்க இயலுமா? அங்கே தலைவன் வாசிப்பவன் அல்லன், காவடி சுமப்பவன். அவன் கால் தளர்ந்தால் நடையைத் தாழ்த்தவும், அருள் வந்து ஆடினால் உடன் ஏறவும் வேண்டும். ஆதலின் மேட்டுப் பாதையில் நடந்துகொண்டே வாசித்துப் பழகுவது இக்கலைக்கு இன்றியமையாதது. நின்று பழகியவன் கை, நடக்கையில் மூச்சோடு சேர்ந்து ஓடிவிடும்.

கேமரன் மலைக்கு மிக வேண்டிய அறிவுரை வேறொன்று. வாய்ப்பு வரட்டும் என்று காத்திருந்து, அது வரும்போது கை துருப்பிடித்து நிற்கும் கலைஞனைப் பற்றி மங்க் எச்சரிக்கிறார். திருவிழாவுக்குப் பத்து நாள் முன் மட்டும் கூடும் குழுவின் நிலை இதுவே. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தோற்றுவித்த போ தோட்டம் முதலியவற்றில் ஒருகாலத்தில் தமிழ்த் தொழிலாளர் நிறைந்திருந்தனர். இன்று கொழுந்தெடுப்போரில் வங்காளதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர் பலர். தமிழ் இளைஞர் பலர் பட்டணம் சென்றுவிட்டனர். பழகுவதற்கு ஆளில்லை என்பதே முதற்குறை. ஆனால் பழக்கத்துக்கு முழுக்குழு வேண்டுவதில்லை. பாடியபடி ஜால்ரா தட்ட ஒருவரும், உறுமிக்கு ஒருவரும் இருந்தால் மாலையில் அரைமணி நேரம் போதும். கொட்டுக் கலைஞனை நன்றாக ஒலிக்கச் செய் என்ற மங்கின் சொல் இருவரிடத்தும் விளங்கும். பட்டணத்துப் பிள்ளை விழாவுக்கு வரும்போது சேர்ந்துகொள்ள ஒரு நடை ஆயத்தமாய் இருக்கும்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பனி மூட்டம் தோலைத் தளர்த்திவிடும் என்பதையும் மறத்தலாகாது. ஈரம் குடித்த தோலில் உறுமல் கம்மிப் போகும். தப்புக்குச் செய்வதுபோல் நெருப்பருகே மெல்லக் காயவைத்துப் பதம் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் தீயை நெருங்கினால் தோல் வெடிக்கும். வாசிப்பவன் முன்னதாகவே கோயிலுக்கு வந்துவிடுவது நலம்.