செத்த ஈடு

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டேவிட் மெலின்காஃப் 1963-இல் வெளியிட்ட 'சட்டத்தின் மொழி' என்னும் ஆங்கில நூலை அண்மையில் மீண்டும் வாசித்தோம். வழக்கறிஞர் மொழி சொற்பெருக்கமுடையது, தெளிவற்றது, பகட்டானது, சலிப்பூட்டுவது என நான்கு குற்றங்களை அவர் சுமத்துகிறார். நாம் உடன்படுகிறோம். கடன்பத்திரமொன்றை நம்மிடம் கொண்டுவந்த ஒரு தாய், "சாமி, இதுல என் வீடுன்னு எங்க எழுதியிருக்கு?" என்று வினவினார். 'ஷெட்யூல் பிராப்பர்ட்டி' என்பதே அவருடைய வீடு எனக் கண்டுகொள்ள நமக்கே சற்று நேரமாயிற்று. அவரோ முன்னமே கையொப்பமிட்டிருந்தார்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், காலப்போக்கில் பிரெஞ்சு நீதிமன்றத்தில் குடியேறியது. பதிவேடுகளில் இலத்தீன் நிலைத்தது. வழக்காடல் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டுமென்ற 1362-ஆம் ஆண்டுச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! அக்கலப்பின் தடயங்களாய்ச் சில இணைச்சொற்கள் இன்றும் கைகோத்து வருகின்றன. 'வில்' ஆங்கிலம், 'டெஸ்டமெண்ட்' இலத்தீன் வழிவந்தது. (முன்னது நம் ஊரில் உயிலாயிற்று, பின்னதைத் திருவிவிலியத்தில் ஏற்பாடு என்கிறோம்.)

இதுவரை ஆசிரியரோடு பிணக்கில்லை. ஆயினும் நூலை மூடியபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது: சொல் தெளிந்தால் போதுமா?

'மார்ட்கேஜ்' என்பதையே கொள்வோம். பழைய பிரெஞ்சில் அதன் பொருள் 'செத்த ஈடு'. கடன் தீராவிடில் நிலம் கடனாளிக்குச் செத்தது, தீர்ந்தால் ஈடு கடன் கொடுத்தவனுக்குச் செத்தது என்று 15-ஆம் நூற்றாண்டு நீதிபதி தாமஸ் லிட்டில்டன் விளக்கினார். இரு தரப்பையும் சமமாக நிறுத்தும் அழகான விளக்கம். அழகே நமக்கு ஐயத்தைத் தருகிறது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த 'கிளான்வில்' என்னும் சட்டநூல் வேறு கூறுகிறது: நிலத்தின் விளைச்சல் கடனைச் சிறிதும் குறைக்காமல் கடன் கொடுத்தவனுக்கே சேருமாயின், அதுவே செத்த ஈடு. அரசனின் மன்றம் அதனைத் தடுக்கவில்லை. எனினும் அது நேர்மையற்றது, வட்டிப் பாவத்தின் ஒரு வகை என்றுரைக்க அந்நூல் தயங்கவில்லை.

நம் நாட்டுப்புறத்து ஒத்தியும் ஏறத்தாழ இதே அமைப்புடையதே: வட்டிக்குப் பதிலாக விளைச்சல். 'ஒத்தி' என்னும் சொல்லில் பகட்டில்லை, இருளில்லை. எழுத்தறியாத உழவரும் அதன் பொருளை நன்கறிவர். அறிந்தே அவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.