பிறவிக் குணமும் பழகிய குணமும்

யூனிக்ஸ் கணினிகளில் திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் ஆளும் எக்ஸ் சர்வருக்குச் சில குணங்கள் பிறவியிலேயே அமைந்துவிடுகின்றன. சில, ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லிக் கொடுத்தாலும் படிந்துவிடும். எதை எந்தப் பக்கம் வைப்பது என்று பிரித்ததில்தான் செய்தவர்களின் கைநயம் தெரிகிறது.

நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிக்சலுக்கு 16 பிட்டா 24 பிட்டா என்பது சர்வர் தொடங்கும்போதே முடிவாகிவிடும். அப்புறம் எவ்வளவு கெஞ்சினாலும் மாறாது. திரையின் அகல உயரமோ ஒரே கட்டளையில் மாறுகிறது. ஏன் இந்தப் பாரபட்சம்? புரோகிராம் ஒன்று வந்து இணைந்ததும் சர்வர் சொல்லும் முதல் பதிலில் இரண்டுமே இருக்கின்றன. 1987-இல் வந்த எக்ஸ்11 நெறிமுறை, இரண்டுமே மாறாது என்றுதான் எண்ணியிருந்தது. 2001-இல் ரேண்ட்ஆர் நீட்சியை விவரித்த ஜிம் கெட்டிஸும் கீத் பேக்கார்டும் அளவின் கட்டை அவிழ்த்தார்கள். நிறத்தின் கட்டை விட்டுவைத்தார்கள். திரை சுருங்கினால் ஒரு விண்டோ ஓரத்துக்கு வெளியே போகலாம், அவ்வளவுதான். பிட் கணக்கு மாறினாலோ, புரோகிராம்கள் அதுவரை சேர்த்துவைத்த பிக்சல் எண்களுக்கெல்லாம் பொருளே போய்விடும்.

அந்தத் திரை அளவைச் சொல்லக் கான்ஃபிக் ஃபைலில் எழுதும் மோட்லைன் என்ற வரி எனக்கு இன்னும் பிடிக்கும். 1024-க்கு 768 திரைக்கு அது இப்படி: 65.00 1024 1048 1184 1344 768 771 777 806. முதல் எண் மெகாஹெர்ட்ஸ். 6.5 கோடியை 1344-ஆலும் 806-ஆலும் வகுத்துப் பாருங்கள், 60 வரும்; நொடிக்கு அத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது. 1024-ஐத் தாண்டி 1344 வரை இருக்கும் வெற்றிடம், பழைய பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை வரியின் முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம். 2007-இல் ரேண்ட்ஆர் 1.2 வந்தபின் இதே எண்வரிசையை, ஒரு புள்ளிகூட மாற்றாமல், ஓடும் சர்வரிடமும் நீட்டலாம்.

எல்லாவற்றிலும் அழகு எக்ஸ் சர்வரின் மறதி. பெல் சத்தம், மவுஸின் வேகம், எழுத்துருவைத் தேடும் பாதை எல்லாவற்றையும் எக்ஸ்செட் கட்டளையால் போகிற போக்கில் மாற்றிக்கொள்ளலாம். கடைசி புரோகிராமும் விடைபெற்றதும் சர்வர் சாவதில்லை. ஓட்டத்தில் கற்றதை உதறிவிட்டுத் தொடக்க நிலைக்குத் திரும்புகிறது. எக்ஸ் பிறந்த எம்ஐடியில், அதீனா திட்டத்தின் பொதுக் கணினிகளில் மாணவர்கள் மாறி மாறி உட்கார்ந்தார்கள். அங்கே முன்னவர் வைத்துப்போன மவுஸ் வேகம் அடுத்தவரின் தலையில் விடியக்கூடாது அல்லவா?

மறதியே வேண்டாம் என்பவர்களுக்கு நோரீசெட் என்று ஓர் ஆப்ஷன் உண்டு. அதையும் சர்வரைத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.