திராட்சைத் தோட்டத்துக் கூலி

மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டக் கதையைக் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்குச் சொல்வது தனிச் சுகம். படம் காட்ட வேண்டியதில்லை. ராயப்பன்பட்டியில் பந்தலே கண்முன் விரிந்து கிடக்கிறது. இங்கே விளையும் பன்னீர் திராட்சையை 1832இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கதையில் விடியலில் வந்தவருக்கும் பொழுது சாயும்போது வந்தவருக்கும் ஒரே கூலி. பலர் இதைப் பரலோகக் கணக்காக்கி, முணுமுணுத்த விடியல் ஆட்களைப் பொறாமைக்காரர்களாக்கி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. கடைசியில் வந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். யாரும் தங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் 'ஆள் போதும்' என்றதும் அம்மா வீடு திரும்பிய நாளை அறிந்த பிள்ளைக்கு அது சட்டென்று விளங்கும். அரைக்கூலியில் உலை கொதிக்காது.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று அறியப்பட்டவர், ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்பதையே தம் இறையியலின் நடுவில் வைத்தார். அதை நாட்டுப்புற மெட்டில் பாடவும் செய்தார்.

மறைக்கல்வி, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, கதை முடிந்ததும் நீதி சொல்லாதீர்கள். "அந்தக் கூலி நியாயமா?" என்று கேளுங்கள். பிள்ளைகளைப் பேச விடுங்கள்.