தன்னுருவ அச்சும் தறிக்காரர் முகமும்

ஓவியர் தன் முகத்தைத் தகட்டில் கீறி அச்செடுக்கிறார். அதில் தெரிவது அவர் மனமா, அவரைச் சூழ்ந்த சமூகமா? ரெம்பிராண்ட்டின் செப்புத்தகட்டுத் தன்னுருவங்களை முன்வைத்தே இந்த விவாதம் பெரிதும் வளர்ந்தது. அவற்றை அகத்தின் நாட்குறிப்பாக வாசிப்பதே நெடுநாள் வழக்கம். கலை வரலாற்றாளர் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் 1988இல் பட்டறையையும் சந்தையையும் முன்னிறுத்தினார். இன்னொரு கலை வரலாற்றாளர் எர்ன்ஸ்ட் வான் டெ வெட்டரிங், புகழ்பெற்றவர் முகத்தை அவர் கைவண்ணத்திலேயே வாங்க விரும்பிய சேகரிப்பாளர்களைச் சுட்டினார். இந்த மாற்றம் நியாயமானது. ஒரே முகம் பல தாள்களில் பல வீடுகளுக்குப் போகிறதென்றால், யாருக்காக என்ற கேள்வி முதலில் வரவேண்டும்.

ஆனால் வாங்கியவரை மட்டும் பார்த்தால் போதாது. காஞ்சிபுரத்தின் செவிலிமேட்டில், தறிச்சத்தம் கேட்கும் தெருவில் இருந்து வாசிக்கும் எனக்கு இதை உணர்த்தியவர் ஜெர்மானிய அச்சோவியர் கேத்தே கோல்விட்ஸ் (1867-1945).

1893இல் பெர்லினில் ஹாப்ட்மனின் ‘நெசவாளர்கள்’ நாடகத்தை அவர் பார்த்தார். 1844இல் கூலி குறைந்து வயிறு காய்ந்த சைலீசிய நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்த கதை அது. கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு, மூன்று கல்லச்சுகளும் மூன்று செப்புத்தகட்டு அச்சுகளுமாக ‘நெசவாளர் எழுச்சி’ வரிசையை 1897இல் முடித்தார். மறுஆண்டு அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட தங்கப் பதக்கத்தைப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார்.

வரிசையின் முதல் படம் ‘வறுமை’. இருண்ட அறை, பின்னால் தறி, முன்னால் நோயுற்ற குழந்தை. தாய் இரு கைகளாலும் தலையைப் பிடித்தபடி குனிந்திருக்கிறாள். 1910இல் கோல்விட்ஸ் செய்த தன்னுருவத்தில் அவருடைய கை நெற்றியில் இருக்கிறது. அதைத் தனிமனிதச் சோகமாக மட்டும் பார்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை. நெசவுக்காரத் தாய்க்குத் தந்த உடல்மொழியைத்தான் அவர் தனக்கும் எடுத்துக்கொண்டார். கணவர் கார்ல் தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவர். அவரைத் தேடி வந்த பெண்களின் அலுப்பையும் கவலையையும் கேத்தே அன்றாடம் கண்டவர்.

1914 அக்டோபரில் மகன் பீட்டர் போரில் இறந்தான். அதன்பின் வந்த முகங்களை மகனை இழந்த தாயின் முகங்களாக மட்டுமே பார்க்கும் பழக்கம் வலுத்தது. அந்த வாசிப்பில் உண்மை இருக்கிறது, ஆனால் அது குறுகியது. பிரஷ்யக் கலைக்கழகத்துக்கு 1919இல் தேர்வானவரும் அவர்தான். 1933இல் நாஜிகளின் நெருக்கடியால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். 1934இல் கல்லில் வரைந்த முதிய முகத்தை இந்த ஆண்டுகளை விட்டுவிட்டு எப்படி வாசிப்பது?

நம் நாட்டில் சித்தபிரசாத்தும் சோம்நாத் ஹோரும் வங்கப் பஞ்சத்தையும் உழவர் போராட்டத்தையும் அச்சில் பதித்தவர்கள். அவர்களை ஆராய்பவர்கள் கோல்விட்ஸிடம் வந்து சேர்கிறார்கள். தமிழில் இந்த ஒப்பீடு இன்னும் விரிவாக நடக்கவேண்டும். நெசவூர்களில் இருப்பவர்களுக்கு அதில் சொல்ல நிறைய உண்டு.

கோல்விட்ஸின் தன்னுருவங்களுக்கு எனக்குப் பிடித்த விளக்கம் ஆய்வேட்டில் இல்லை. ஒரு தொகுப்பின் அடுக்குமுறையில் இருக்கிறது. 1936இல் ஷாங்காயில் எழுத்தாளர் லூ சுன், கோல்விட்ஸின் அச்சோவியங்களைத் தொகுத்து வெளியிட்டார். முதல் படமாகத் தன்னுருவத்தை வைத்தார். அதையடுத்து நெசவாளர் வரிசையை வைத்தார்.