ஆடலின்றி நிற்கும் ஆடலிசை

ஆடற்கென அமைந்த இசை, ஆடுவாரை நீக்கியவழியும் நிலைபெறுமோ என்னும் வினாவை, மொரிஸ் ரவேல் என்னும் பிரெஞ்சு இசையறிஞர் இயற்றிய ‘தாப்னிசும் குளோயியும்’ என்ற பாலே இசைகொண்டு ஈண்டு ஆராய்வாம். பெர்னார்டு ஹைட்டிங்க் நடத்த, சிக்காகோ சிம்பொனி இசைக்குழு 2007 நவம்பரில் அவையோர் முன் இசைத்த ஒலிப்பதிவே நாம் எடுத்துக்கொண்ட சான்றாகும்.

லாங்கசு என்பார் கிரேக்க மொழியில் எழுதிய காதற்கதையைத் தழுவிய இப்படைப்பு, தியாகிலெவின் உருசிய பாலே குழுவினரால் 1912 சூன் 8-ஆம் நாள் பாரிசில் முதன்முதல் ஆடப்பெற்றது. ரவேல் இதனைக் ‘கூத்துச் சிம்பொனி’ என வழங்கினார். ஆடற்குத் துணையாவதுடன் தன்னளவில் முழுமையுற்ற கட்டுக்கோப்பாகவும் அவர் இதனைக் கருதினார் என்பது அப்பெயரால் விளங்கும். எனினும், மூன்றாம் பகுதியிலிருந்து எடுத்த இரண்டாந் தொகுப்பே இசையரங்குகளில் பெருவழக்காயிற்று.

தொகுப்பால் நாம் இழப்பது யாது? முதற்பகுதியில் குளோயியைக் கடற்கொள்ளையர் கவர்ந்து செல்கின்றனர். அப்பகுதியின் இறுதியில் கருவிகள் அடங்க, சொல்லற்ற குரல்கள் மட்டும் தொலைவிலிருந்து எழுகின்றன. அவை தெய்வச் சோலையினின்றும் கொள்ளையர் பாசறைக்கு நம்மைக் கொண்டுய்க்கின்றன. 1914-இல் தியாகிலெவ் பாடகர் குழுவை நீக்கி இலண்டனில் இதனை அரங்கேற்றியபோது, ரவேல் செய்தித்தாள்களுக்கு மடல் எழுதி அதனைக் கண்டித்தார். அக்கண்டனம் நேரியதே என்பதை இப்பதிவில் அக்குரல்களைக் கேட்பார் உணர்வர். மூன்றாம் பகுதியின் விடியலும், அவ்விருளைக் கடந்து வந்த செவிக்கே முழுவதும் விடிகின்றது.

அவையின் முன் எடுக்கும் பதிவுகள் பெரும்பாலும் பல மாலைகளின் இசையினின்று தொகுக்கப்படுவன. ஆதலின், ஒரே மாலையின் உண்மை என அவற்றைப் போற்றுதல் பொருந்தாது. ஆயினும், ஏறத்தாழ ஒரு மணி நேரம் இடையறாது செல்லும் ஒரே மூச்சு இப்பதிவில் அமைந்துள்ளது. ஹைட்டிங்க் எவ்விடத்தும் விரைந்திலர். விடியலை மெல்ல மெல்லவே வளர்க்கின்றார்.

குறை ஒன்றும் கூறுதல் வேண்டும். அடிக்கு ஐந்து எண்ணிக்கையாக ஓடும் இறுதி ஆட்டத்தில், களிவெறியினும் ஒழுங்கே மிக்கு நிற்பதாக எமக்குத் தோன்றுகின்றது. ஆடுவார் இருப்பின், அவர்தம் உடலே அவ்வெறியை நிரப்பியிருக்கும். மேடை வெறிதாய் இருப்பதை இவ்வோரிடத்தில் மட்டுமே நாம் உணர்கின்றோம்.

எனவே, ஆடலை இழந்தும் இவ்விசை நிற்கும்; தன் முழுமையை இழப்பின் நில்லாது என்பதே எம் துணிபு.