ஸ்ட்ரைக்கர் விழுந்தால்

வடசென்னையின் எண்ணூர் நெட்டுக்குப்பத்துப் பிள்ளைகள் கைபேசியில் சுடும் ஆட்டம் ஆடும்போது, எதிராளி எந்த ஊரில் இருக்கிறான் என்பதே தெரியாது. கேரம் போர்டில் அப்படி இல்லை. 74 சென்டிமீட்டர் பலகைக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்கும்.

வடசென்னைக்கு இந்தப் பலகை வெறும் பொழுதுபோக்கு அல்ல. ‘வடசென்னை’ படத்து அன்பு கேரம் ஆட்டக்காரன். நிஜத்தில், புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுநர். அதற்கு வெகுமுன்பே சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 என இருமுறை உலகப் பட்டம் வென்று, கேரமுக்கு அர்ஜுனா விருதும் வாங்கினார்.

இந்த ஆட்டத்தில் சிவப்புக் காயைக் குழியில் போட்டால் மட்டும் போதாது, அடுத்து தன் காயைப் போட்டு ஃபாலோ காட்ட வேண்டும். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் அபராதமாக ஒரு காயை எடுத்துக்கொடுக்க வேண்டும். அதை நடு வட்டத்துக்குள் எங்கே வைப்பது என்பது எதிராளியின் உரிமை! உங்களுக்கு வசதிப்படாத இடம் பார்த்து, அவர் நிதானமாக வைப்பார். சட்டம் அனுமதித்த குறும்பு. கோபப்படவும் முடியாது.

போட்டியில் நடுவர் உண்டு. தெருவில் யார் உண்டு? ஸ்ட்ரைக்கர் இரண்டு அடிக்கோட்டையும் தொட்டதா, கை மூலை அம்புக்கோட்டைத் தாண்டியதா என்பது அடித்தவருக்கே நன்றாகத் தெரியும். “பவுல்தாம்பா” என்று தானே சொல்லி, பவுடர் படிந்த கையை இழுத்துக்கொள்பவர்களும் உண்டு. அடுத்த ஆட்டத்தில் அப்படிப்பட்டவரைத் தோற்கடிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை.